படங்களுக்கு இடையில் இருப்பது

ஒழுங்குபடுத்தப்பட்ட ஒளிப்படத் தொகுப்பு ஒன்றை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வேலை, வெளிப்பார்வைக்குக் கோப்புகளைப் பெயர்த்து வைக்கும் வேலையாகவே தோன்றுகிறது. ஆனால் வேலை முடிந்து, படங்களின் எண்ணிக்கை சரியாக இருந்து, ஒரு பிக்சலும் சேதமடையாமல் வந்த பிறகும், தொகுப்பு மட்டும் வந்து சேரவில்லை என்பது மெல்லப் புலப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இட்ட பெயர்கள், ஒரே காட்சியின் ஐந்தாறு படங்களில் நல்லதைப் பொறுக்கி வைத்த தேர்வுகள், ஒரு பயணத்தைக் கதைபோல அடுக்கிய வரிசை ஆகியவற்றில் பாதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. மீதி வந்திருந்தாலும் வேறு பொருள் பூண்டு வருகிறது. ஒழுங்கு என்பது எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி, மென்பொருள் தடையின்றி இயங்கும்வரை எவருக்கும் எழுவதில்லை. அது நிறுத்தப்படும்போதுதான் எழுகிறது.

லைஃப்ஸ்கேப் என்ற நிறுவனம் 2002 இல் உருவாக்கி, 2004 இல் கூகுள் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா இதற்குத் தெளிவான சான்று. அதன் வளர்ச்சியை நிறுத்தப்போவதாக 2016 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது; மார்ச் 15 உடன் கணினியில் இயங்கும் வடிவத்துக்கான ஆதரவு முடிந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் படங்கள் வழக்கமான கோப்புறைகளிலேயே இருப்பதைக் கண்டு நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதி பாதியளவுக்கே நியாயமானது. படத்துக்கு எழுதிய விளக்கக் குறிப்பையும் குறிச்சொற்களையும் பிக்காசா ஜேபெக் கோப்பின் உள்ளேயே எழுதியது. ஆனால் நட்சத்திரக் குறி, முகங்களுக்கு இட்ட பெயர், படத்தைத் திருப்பியது, ஓரம் வெட்டியது, ஆல்பத்தில் சேர்த்தது போன்றவற்றை ஒவ்வொரு கோப்புறையிலும் மறைந்திருந்த '.பிக்காசா.ஐஎன்ஐ' என்ற சிறு உரைக்கோப்பில் குறித்து வைத்தது. மூலப் படத்தைத் தொடாமல், செய்ய வேண்டிய திருத்தத்தைக் கட்டளையாக மட்டும் எழுதி வைத்து, காட்டும்போது நிறைவேற்றும் முறை இது. இதில் ஓர் அறம் இருக்கிறது, மூலம் என்றைக்கும் மாறுவதில்லை. ஆனால் அந்தக் கட்டளையைப் படிக்கத் தெரியாத வேறொரு மென்பொருளில் திறந்தால், என்றோ நிமிர்த்தி வைத்த படங்கள் மீண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்.

முகங்களின் கதை இன்னும் நுட்பமானது. முகத்தைச் சூழ்ந்த கட்டத்தின் நான்கு விளிம்புகளையும் நான்கு பதினாறு பிட் எண்களாக்கி, ஒரே நீண்ட எண்சரமாகக் கோத்து, அதன் அருகே ஓர் அடையாள எண்ணையும் பிக்காசா எழுதியது. அந்த எண் யாரைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் கணினியின் வேறொரு மூலையில் இருந்த தொடர்புப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். கோப்புறைகளை மட்டும் நகலெடுத்துப் பழைய கணினியை விற்றுவிட்டவருக்கு, ஆக, இந்த இடத்தில் ஒரு முகம் இருக்கிறது என்ற செய்தி கிடைக்கும், அது பாட்டியா பெரியம்மாவா என்பது கிடைக்காது. ஜேபெக் கோப்புகளை மட்டும் பொறுக்கி நகலெடுத்தவருக்கு அதுவும் இல்லை.

இவற்றைத் தனியொரு மென்பொருளின் குறைகளாகக் கொள்வது சரியாகாது. படத்தைப் பற்றிய தகவல், அதாவது மீத்தரவு, எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்குப் பொதுத் தரங்கள் நீண்டகாலமாக உள்ளன. அவை யாருடைய தேவைக்காகப் பிறந்தன என்பதைக் கவனித்தால்தான் எது பயணம் செய்கிறது, எது செய்வதில்லை என்பது விளங்கும். ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995 இல் வெளியிட்ட எக்சிஃப், கேமரா தயாரிப்பாளர்களின் தரம். துளையளவு, திறப்பு நேரம், நாள், மணி எனக் கருவி தானே அறிந்தவற்றை அது பதிகிறது. 1965 இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் 1990களின் தொடக்கத்தில் வகுத்த ஐஐஎம் என்ற தரம் செய்தி நிறுவனங்களுக்கானது. தலைப்பு, விளக்கம், எடுத்தவர், ஊர், உரிமை ஆகியவற்றுக்கான கட்டங்கள் அதில் உண்டு. அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்தி, 2012 இல் சர்வதேசத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற எக்ஸ்எம்பி, முந்தைய இரண்டையும் உள்வாங்கிக்கொண்டு புதிய கட்டங்களைச் சேர்க்க இடமளித்தது.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு கற்பனை இருக்கிறது: படம் தனியாகப் பயணம் செய்கிறது என்பது. செய்தி முகமையிலிருந்து ஒரு படம் புறப்பட்டு, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் மேசையில் போய் இறங்குகிறது. அதை எடுத்தவர் அருகில் இல்லை, அதோடு எடுக்கப்பட்ட மற்ற முப்பது படங்களும் இல்லை. ஆகவே தன்னைப் பற்றித் தேவையானது அனைத்தையும் அது தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். பத்திரிகைக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. வீட்டுத் தொகுப்பின் இயல்போ நேர்மாறானது. அங்கே ஒரு படம் தனியாக எதையும் சொல்வதில்லை; அதற்கு முன்னாலும் பின்னாலும் வைக்கப்பட்ட படங்களால், அது தேர்ந்தெடுக்கப்பட்டு மற்றவை ஒதுக்கப்பட்டதால், மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் படங்களோடு ஒரே ஆல்பத்தில் இணைக்கப்பட்டதால் பொருள் பெறுகிறது. தொகுப்பவரின் உழைப்பின் பெரும்பங்கு படங்களுக்கு இடையில் கிடக்கிறது; தரங்களின் கட்டங்களோ படங்களுக்கு உள்ளே இருக்கின்றன. இடப்பெயர்ச்சியில் நேரும் இழப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றில் மிகப் பல இந்த ஒரு பொருந்தாமையிலிருந்தே கிளைக்கின்றன.

அடோபியின் லைட்ரூமை எடுத்துக்கொள்ளலாம். 2007 இல் வெளிவந்த இம்மென்பொருள், தான் அறிந்த அனைத்தையும் கேட்டலாக் எனப்படும் தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. பயனர் கட்டளையிட்டால் குறிச்சொல், விளக்கம், நட்சத்திரம், திருத்தக் கட்டளைகள் ஆகியவற்றைப் படக்கோப்பிலோ, அதன் அருகே வைக்கும் எக்ஸ்எம்பி துணைக்கோப்பிலோ எழுதித் தருகிறது. ஆனால் கலெக்‌ஷன் எனப்படும் ஆல்பங்களும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்த அடுக்குகளும், ஒரே மூலத்துக்குச் செய்த மாற்று வடிவங்களான மெய்நிகர் நகல்களும் அந்த எழுத்தில் இடம்பெறுவதில்லை. தனிப் படத்தைப் பற்றிய கூற்றுகள் வெளியேறுகின்றன, படங்களுக்கு இடையிலான உறவுகள் உள்ளேயே நின்றுவிடுகின்றன. நாரை உருவிக்கொண்டு பூக்களை எண்ணிக் கையில் கொடுப்பதைப் போன்றது இது. அந்தத் தரவுத்தளம் எஸ்கியூலைட் என்ற திறந்த வடிவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து அட்டவணைகளைப் பார்க்க முடியும் என்பது உண்மையே. ஆனாலும் எந்த அட்டவணையின் எந்த நிரல் எதைக் குறிக்கிறது என்ற இலக்கணம் அம்மென்பொருளுக்கே உரியது. எழுத்துத் தெரிவதாலேயே மொழி தெரிந்துவிடாது.

வந்து சேர்பவையும் அதே பொருளோடு வந்து சேர்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2005 இல் தொழில்முறைக் கலைஞர்களுக்காக வெளியிட்ட அப்பர்ச்சரின் வளர்ச்சியை 2014 இல் நிறுத்தி, 2015 ஏப்ரலில் ஃபோட்டோஸ் என்ற எளிய மென்பொருளை அளித்தபோது, பழைய தொகுப்புகளை அப்படியே ஏற்கும் வசதியும் அதில் இருந்தது. ஆனால் ஃபோட்டோஸில் அன்று ஐந்து நட்சத்திர மதிப்பீடு என்ற ஒன்றே இல்லை. எனவே மூன்று நட்சத்திரம் பெற்ற படத்துக்கு 'மூன்று நட்சத்திரம்' என்று பொருள்படும் ஒரு குறிச்சொல் ஒட்டப்பட்டது. எதுவும் தொலையவில்லை என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யுமல்ல. ஆயினும் மூன்று என்பது இரண்டுக்கு மேலும் நான்குக்குக் கீழும் நின்ற ஓர் அளவு. 'மூன்றும் அதற்கு மேலும்' என்று கேட்டால் பதில் தந்த அளவு. குறிச்சொல்லான பிறகு அது மற்ற சொற்களுக்கு நடுவே ஒரு சொல்லாக மட்டும் இருக்கிறது. நட்சத்திரங்கள் ஒப்பீட்டில் பிறப்பவை, படங்களுக்கு இடையில் இருப்பவை. அவற்றைப் படத்தின் தனிப்பண்பாக மாற்றியதும் ஒப்பீடு மறைந்துபோகிறது.

வண்ணக் குறிகளின் நிலை சற்று வேடிக்கையானது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தோன்றும் குறிகளை எக்ஸ்எம்பி வண்ணமாகப் பதிவதில்லை, ஒரு பெயராகவே பதிகிறது. லைட்ரூம் சிவப்புக்கு 'ரெட்' என்று எழுத, அதே அடோபியின் பிரிட்ஜ் தன் இயல்பான அமைப்பில் அதே சிவப்புக்கு 'செலக்ட்' என்று எழுதுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்கள் ஒன்றன் சிவப்பை மற்றொன்று அறியாமல் வெள்ளையாகக் காட்டிய விசித்திரம் இதனால் நேர்ந்தது. துணைக்கோப்புகளின் பெயரிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு: லைட்ரூம் மூலக்கோப்பின் விரிவெழுத்தை நீக்கிவிட்டு 'எக்ஸ்எம்பி' என்று சேர்க்கிறது, டார்க்டேபிள் என்ற மென்பொருள் விரிவெழுத்தை வைத்துக்கொண்டு அதன் பின்னால் சேர்க்கிறது. ஒரே கோப்புறையில் இரண்டும் அருகருகே இருந்தும், டார்க்டேபிள் எழுதியதை லைட்ரூம் கண்டுகொள்வதில்லை.

குறிச்சொற்களை அடுக்குமுறையில் வைத்திருப்பவர்கள், அதாவது இடம் என்பதன் கீழ் மதுரை, மதுரையின் கீழ் அழகர்கோயில் என்று கிளை பிரித்தவர்கள், வேறொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். எல்லா மென்பொருளும் படிக்கும் பொதுக் கட்டத்தில் அவை மூன்று தனிச் சொற்களாகத் தட்டையாகின்றன. கிளைகளைக் காக்க லைட்ரூம் தன் கட்டத்தில் நெடுங்கோட்டால் பிரித்தும், திறமூல மென்பொருளான டிஜிகாம் தன் கட்டத்தில் சாய்கோட்டால் பிரித்தும் எழுதுகின்றன. முகங்களுக்கு 2010 இல் மீத்தரவுப் பணிக்குழு என்ற நிறுவனக் கூட்டமைப்பு பொது வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அது கட்டத்தின் மையப்புள்ளியிலிருந்து அளக்கிறது, மைக்ரோசாஃப்டின் வடிவமோ இடப்புற மேல் மூலையிலிருந்து அளக்கிறது. கவனமின்றி ஒன்றை மற்றொன்றாக மாற்றினால், பெயர் முகத்தை விட்டு விலகிச் சுவரிலோ அருகிலிருப்பவர் தோளிலோ போய் உட்காரும். மென்பொருள் தன் கணிப்பில் முகங்களை இனங்காண உருவாக்கிய உட்பதிவுகளை மாற்றுவதற்கு வழியே இல்லை. புதிய மென்பொருள் முகங்களை முதலிலிருந்து கற்க வேண்டியதுதான்.

தமிழில் குறிச்சொல் இட்டவர்களுக்கு இவற்றுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. பத்திரிகைத் தரமான ஐஐஎம்மில் ஒரு குறிச்சொல் 64 பைட்டுகளுக்கு மிகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கிறது, மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளால் ஆனவை. ஆகவே அந்த வரம்பைக் கறாராகக் கடைப்பிடிக்கும் மென்பொருளின் வழியாக 'திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை' என்ற குறிச்சொல் கடந்தால் 'திருச்சிராப்பள்ளி மலைக' என்று வெட்டுப்பட்டு வெளியே வரும். இதைவிட மறைவான கோளாறு ஒன்றும் இருக்கிறது. ஒகர, ஓகார உயிர்மெய்களை ஒரே குறியீட்டாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் மேக் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலும், பிற முறைமைகள் தட்டச்சு செய்தபடியே சேர்ந்த வடிவிலும் வைத்ததால், 'கோயில்' என்ற கோப்புறை இடம் மாறும்போது, கண்ணுக்கு எவ்வேறுபாடும் இல்லாத இரண்டு 'கோயில்'கள் பட்டியலில் அருகருகே தோன்ற வாய்ப்பு உண்டாயிற்று. யூனிகோடுக்கு முன் டிஸ்கி குறியாக்கத்திலோ பாமினி எழுத்துருவிலோ குறிப்பு எழுதியவர்களின் படங்களில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில், லத்தீன் எழுத்துக் குவியல்தான் எஞ்சும். இது மென்பொருளோடு முடியாத இடப்பெயர்ச்சி, எழுத்துமுறையும் சேர்ந்தே மாறியது.

நாள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒளிப்படத் தொகுப்பில் மிகவும் நம்பப்படுவதும் மிக எளிதில் பொய்யாவதும் அதுதான். எக்சிஃப் தரத்தில் நேர வலயத்துக்கான கட்டம் 2016 இன் 2.31 பதிப்பில்தான் வந்தது. கோடைகாலத்தில் டொரன்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருமணத்துக்கு வந்தவர் தம் கேமராவின் கடிகாரத்தை மாற்றாதிருந்தால், காலை 9 மணிக்குத் தாலி கட்டிய படம் முந்தைய இரவு 11.30 என்று பதிவாகி, மற்றவர் எடுத்த படங்களோடு சேரும்போது மணவறை அலங்காரத்துக்கும் முன்னால் போய் நிற்கும். தொகுத்தவர் இதைப் பழைய மென்பொருளில் சரிசெய்திருப்பார். அத்திருத்தம் தரவுத்தளத்தில் மட்டும் இருந்திருந்தால் தாலி மீண்டும் முந்தைய இரவுக்குத் திரும்பும். கூகுள் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற ஏற்றுமதி வசதியின் வழியே எடுக்கும்போது நேர்வது இதுவே: பயனர் திருத்திய நாளும் எழுதிய விளக்கமும் படத்தினுள் இல்லாமல், உடன்வரும் ஜேசன் என்ற உரைக்கோப்பில் இருக்கின்றன.

வருடி எடுத்த பழைய படங்களில் சிக்கல் நாளின் துல்லியத்தைப் பற்றியது. '1962 வாக்கில்' என்பது குடும்பத்தின் உண்மையான அறிவு. அதை ஏற்கும் கட்டம் பெரும்பாலான மென்பொருளில் இல்லை. எக்ஸ்எம்பி ஆண்டை மட்டும் எழுத இடம் தருகிறது, ஆனால் காட்டும் மென்பொருள்கள் முழு நாளையே கேட்கின்றன. வேறு வழியின்றி 1962 ஜனவரி 1 என்று எழுதுகிறார்கள். எழுதியவருக்கு அது தோராயம் என்பது தெரியும், பழைய மென்பொருளில் அவர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கத்துக்கும் தெரியும். புதிய மென்பொருளுக்குத் தெரியாது. அங்கே ஒரு குடும்பத்தின் பிறப்புகளும் காதுகுத்துகளும் புத்தாண்டு நாளிலேயே நடந்து முடிகின்றன.

ஆவணக்காப்பகவியலில் இந்த இழப்புகளைப் பற்றிப் பேசுவதற்கான கருத்துகள் கணினிக்கு மிக முன்பே உருவாகிவிட்டன. ஒருவரோ ஓர் அலுவலகமோ உருவாக்கிய ஆவணங்களைப் பிறருடையவற்றோடு கலக்கக்கூடாது என்ற கொள்கை 1841 இல் பிரான்சில் சுற்றறிக்கையாக வெளியானது. அவற்றை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையையும் கலைக்கக்கூடாது என்பது 1881 இல் பிரஷ்ய அரசுக் காப்பகத்தில் விதியாயிற்று. மூல ஒழுங்கு எனப்படும் இந்த இரண்டாவது கொள்கையின் சாரம், எந்தத் தாள் எதனோடு கட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு சான்று என்பதாகும். மென்பொருளின் இறக்குமதிச் சாளரமோ இக்கொள்கையை அறியாதது. அது தாள்களை ஏற்றுக்கொண்டு கட்டை அவிழ்த்துவிடுகிறது.

அபி வார்பர்க் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியரின் தொகுப்புக்கு நேர்ந்தது இங்கே நினைக்கத்தக்கது. தேடிய நூலுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலே உண்மையில் தேவைப்படுவது என்று கருதி, அகரவரிசையைப் புறக்கணித்து, அண்டை உறவுகளால் தம் நூலகத்தை அவர் அடுக்கியிருந்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், நாஜிகளின் ஆட்சி தொடங்கிய 1933 இல், டிசம்பர் மாதம் அந்நூலகம் ஹாம்பர்கிலிருந்து கப்பலில் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுக்குமுறையைப் புரிந்துகொண்டவர்கள் உடன் சென்றதால் அந்த ஒழுங்கு புதிய இடத்திலும் மீண்டும் எழுந்தது. ஆனால் அவர் கடைசி ஆண்டுகளில் உருவாக்கிய நெமோசினே என்ற பட அட்லஸின் வரலாறு வேறு. கருந்துணி போர்த்திய பலகைகளில் ஓவியங்கள், நாணயங்கள், அஞ்சல்தலைகள், செய்தித்தாள் துண்டுகள் ஆகியவற்றின் படங்களைக் குத்தி, இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். 1929 அக்டோபரில் அவர் இறந்தபோது கடைசி வரிசையில் 63 பலகைகளும் 971 படங்களும் இருந்தன. பலகைகள் பின்னர் கலைக்கப்பட்டு, படங்கள் அந்நூலகத்தின் பொதுத் தொகுப்பில் கலந்தன. இன்று அந்த அட்லஸை நாம் அறிவது ஒவ்வொரு பலகையையும் அன்றே முழுதாக ஒளிப்படம் எடுத்து வைத்திருந்ததால்தான். அந்தப் புகைப்படங்களை வழிகாட்டியாகக் கொண்டு, பொதுத் தொகுப்பிலிருந்து மூலப் படங்களில் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்து, 2020 இல் பெர்லினில் அட்லஸை மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள்.

வார்பர்கின் பலகைகளுக்குச் செய்தது இன்றைய தொகுப்புக்கும் செய்யத்தக்கதே. ஆல்பத்தை ஏற்றுமதி செய்ய முடியாத மென்பொருளிலும், ஆல்பத்தின் படங்களைச் சிறு அளவில் ஒரே தாளில் அச்சிடும் கான்டாக்ட் ஷீட் வசதி பெரும்பாலும் இருக்கும். படத்தின் கோப்புப்பெயர்களை வரிசைமுறையோடு ஒரு வெற்று உரைக்கோப்பில் எழுதிக்கொள்ள முடியும். ஆல்பத்தின் பெயரைக் குறிச்சொல்லாக்கி அதன் படங்களுக்கெல்லாம் ஒட்டிவிட முடியும். கடைசி வழியில் வரிசை போய்விடும், சேர்க்கை மிஞ்சும். கனடாவின் ஃபில் ஹார்வி 2003 இலிருந்து உருவாக்கிவரும் எக்சிஃப்டூல் என்ற கட்டளைவரிக் கருவி, ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்துக்கு மீத்தரவைப் பெயர்க்கும் வேலையைப் பல்லாயிரம் படங்களுக்கு ஒரே மூச்சில் செய்யும். பெருநிறுவனங்கள் அமைத்த மதில்களுக்கு நடுவே ஒரு தனிமனிதரின் பொறுமை வாயில் திறந்து வைத்திருப்பது இத்துறையின் பெருமைகளில் ஒன்று. அதனிடமும் கேட்க முடியாதது ஒன்றுண்டு: பழைய தரவுத்தளத்தில் ஒரு குறி எதற்காக இடப்பட்டது என்பது.

அந்தக் காரணத்தாலேயே, எல்லாவற்றையும் பெயர்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் தேவையற்றது என்று தோன்றுகிறது. இறந்தவரின் தாள்களைக் கையாளும் காப்பாளருக்கு மூல ஒழுங்கைக் கலைக்க உரிமை இல்லை; தன் தொகுப்பைத் தானே மாற்றுபவருக்கு அந்த உரிமை உண்டு. பத்தாண்டுக் குறிச்சொற்களைக் கொட்டிப் பார்த்தால் அவற்றில் பல அந்தந்த மென்பொருள் தூண்டியதால் இடப்பட்டவை என்பது தெரியும்: நட்சத்திரப் பொத்தான் இருந்ததால் இட்ட நட்சத்திரங்கள், வண்ணம் இருந்ததால் தீட்டிய வண்ணங்கள். அவற்றை விட்டுவிடலாம். எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் பழைய மென்பொருள் இன்னும் திறக்கும் காலத்திலேயே செய்ய வேண்டும், ஏனெனில் அங்கேதான் அந்தக் குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தருகின்றன. 2019 இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில் அப்பர்ச்சர் திறப்பதில்லை. அதை முன்னிட்டுச் சிலர் அதற்கு முந்தைய மொஹாவி பதிப்போடு ஒரு பழைய கணினியை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிய படங்கள் வேறு கணினியில், வேறு மென்பொருளில் சேர்கின்றன, பழைய ஆல்பம் ஒன்றின் வரிசையைப் பார்க்க வேண்டுமானால் இதை இயக்குகிறார்கள்.